குடிப்பதா, வைப்பதா, விற்பதா? அரிய வைன் பாட்டிலுக்குள் ஓடும் இரண்டு கடிகாரங்கள்

விலை உயர்ந்த வைனை வாங்கிக் கிடங்கில் அடுக்கி வைத்தவர்கள் சில ஆண்டுகளாகக் குழம்பிப் போயிருக்கிறார்கள். லண்டனில் லிவ்-எக்ஸ் என்றொரு சந்தை இருக்கிறது. 2000ல் தொடங்கியது, வைன் வியாபாரிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் இடம். அதன் விலைக் குறியீடு 2022 இறுதி வாக்கில் உச்சம் தொட்டது, அப்புறம் 2023, 2024 இரண்டு ஆண்டும் இறங்கியது. பிரான்சின் போர்தோ பகுதியில் முதல் வரிசையில் நிற்கும் ஷாட்டோ லஃபீத் ரோத்ஷீல்ட் (வைன் செய்யும் தோட்டத்தை அங்கே ஷாட்டோ என்பார்கள்) தன் 2022 அறுவடை வைனை வியாபாரிகளுக்கு ஒரு பாட்டில் 580 யூரோ என்று கொடுத்தது. 2023க்கு 396 யூரோ. 2024க்கு 288 யூரோ. இரண்டே ஆண்டில் பாதி விலை.

இன்னொரு பக்கம், 2018 அக்டோபரில் நியூயார்க் சாதபீஸ் ஏலத்தில், பிரான்சின் இன்னொரு வைன் பகுதியான பர்கண்டியின் ரொமானே-கோந்தித் தோட்டத்து 1945 வைன் ஒரு பாட்டில் 5,58,000 டாலருக்குப் போன கதை இன்றும் சொல்லப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். அப்பா வாங்கி வைத்த ஒரு பெட்டி இருக்கிறது, அல்லது நாமே பதினைந்து ஆண்டுக்கு முன் வாங்கியது இருக்கிறது. இப்போது விற்பதா, விலை ஏறும் வரை காத்திருப்பதா, இல்லை திறந்து குடித்துவிடுவதா?

பெரும்பாலோர் சந்தை விலையைப் பார்த்து இதற்கு விடை தேடுகிறார்கள். அது தப்பான முனையிலிருந்து தொடங்குவது. முதலில் பாட்டிலைப் பார்க்க வேண்டும், விலை அதற்கு அப்புறம்தான்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது

வைன் அடைத்து மூடிய பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். சிவப்பு வைனில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த டானின் இருக்கிறது. கடுந்தேநீர் குடித்தால் நாக்கைப் பிடிக்கிற அதே துவர்ப்புதான். இளம் வைனில் அது முரடாக இருக்கும். ஆண்டுகள் போகப் போக டானினும் நிறமிகளும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிய மூலக்கூறுகளாகி, ஒரு பங்கு வண்டலாக அடியில் தங்கிவிடும். நிறம் ஊதாவிலிருந்து செங்கல் நிறத்துக்கு வரும், துவர்ப்பு மென்மையாகும். பழ வாசனை பின்வாங்கி அந்த இடத்தில் தோல், புகையிலை, காளான், காய்ந்த இலை என்று வேறு வாசனைகள் எழும். பழைய வைனுக்கு இத்தனை பணம் கொடுப்பதெல்லாம் இந்த மாற்றத்துக்காகத்தான்.

ஆனால் இந்த மாற்றம் ஓரிடத்தில் நிற்காது. அரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். புது அரிசி குழையும், ஓராண்டு கிடந்த அரிசிதான் உதிரி உதிரியாக வேகும், அதனால் பழைய அரிசிக்கு விலை கூட. அதற்காக மூட்டையைப் பத்தாண்டு போட்டு வைத்தால் அது இன்னும் நல்ல அரிசியாவதில்லை. வைனும் ஏறி, உச்சியில் கொஞ்ச காலம் நின்று, பிறகு இறங்கும். எவ்வளவு காலம் என்பது வகைக்கு வகை வேறு, ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்:

1. கடையில் கிடைக்கும் வைனில் பெரும்பகுதி வாங்கிய சில ஆண்டுக்குள் குடிக்கவே செய்யப்பட்டது. வைத்திருந்தால் கெடும், அவ்வளவுதான்.
2. போர்தோவின் தரவரிசையில் இடம்பெற்ற ஷாட்டோக்கள், நல்ல ஆண்டாக இருந்தால், 15 முதல் 30 ஆண்டு.
3. லஃபீத், லத்தூர், மார்கோ, மூத்தோன், ஓ-பிரியோன் என்ற ஐந்து முதல் வரிசை ஷாட்டோக்கள், 1961, 1982, 2010 போன்ற பெரிய ஆண்டுகளில், 40, 50 ஆண்டும் தாண்டலாம்.
4. சோத்தெர்ன் பகுதியின் இனிப்பு வைன்கள், குறிப்பாக ஷாட்டோ திகெம், சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து காப்பதால் நூறாண்டும் நிற்கக்கூடியவை.
5. வெள்ளை பர்கண்டி பெரிய பெயர்தான், ஆனால் நம்ப முடியாது. 1990களின் நடுவிலிருந்து வந்த அறுவடைகளில் பல பாட்டில்கள், பதினைந்து ஆண்டு நிற்க வேண்டியவை, ஏழெட்டு ஆண்டிலேயே காற்றுப்பட்ட ஆப்பிள் போலப் பழுப்பேறிச் செத்தன. ஒரே பெட்டியில் ஒரு பாட்டில் அருமையாக இருக்கும், பக்கத்துப் பாட்டில் போயிருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. சில வைன்கள் இளமையில் நன்றாக இருந்து, நடுவில் சில ஆண்டு வாயை மூடிக்கொள்ளும். மணமும் வராது, சுவையும் வராது. 2005 சிவப்பு பர்கண்டி பலவும் இப்படி நீண்ட காலம் மூடிக் கிடந்தன. அந்த நேரத்தில் திறந்து பார்த்துவிட்டு, இது போய்விட்டது என்று மீதியை விற்றவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். இதற்கு நேர்மாறான உதாரணம் 1975 போர்தோ. டானின் மிகக் கடுமை, காத்திருங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். காத்திருந்தார்கள். பல பாட்டில்களில் டானின் அடங்குவதற்குள் பழச்சுவை தீர்ந்துவிட்டது. ஆக, காத்திருந்தால் நிச்சயம் நல்லதாகும் என்று எந்த வைனும் உறுதி தருவதில்லை.

இரண்டாவது கடிகாரம்: விலை

இதுவரை சொன்னது சுவையின் கடிகாரம். விலைக்குத் தனியாக ஒரு கடிகாரம் ஓடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. முடிவெடுப்பதில் நடக்கிற தப்பு எல்லாமே, இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் தொடங்குகிறது.

டிம்சன், ரூசோ, ஸ்பேன்யர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள், அந்த ஐந்து முதல் வரிசை ஷாட்டோக்களின் விலைகளை 1900 முதல் 2012 வரை திரட்டி ஆராய்ந்தார்கள். கிடங்குச் செலவும் பணவீக்கமும் கழித்து ஆண்டுக்குச் சுமார் 4.1 சதவீதம் லாபம் என்று கணக்கு வந்தது. அரசுப் பத்திரம், ஓவியம், தபால்தலை இவற்றைவிட மேல், பங்குச் சந்தையைவிடக் கீழ். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது விலை போகிற வடிவம். நல்ல ஆண்டு வைன் முதிரும் வரை விலை வேகமாக ஏறுகிறது, முதிர்ந்த பிறகு தேங்குகிறது, இன்னும் பல பத்தாண்டு கழித்துக் குடிக்கும் பொருள் என்ற நிலை மாறிப் பழம்பொருளாகிற போது மறுபடி ஏறுகிறது.

இந்த இரண்டாவது ஏற்றம் ஐந்து முதல் வரிசைப் பெயர்களில் பார்த்தது என்பதை மறக்கக்கூடாது. 1900 லஃபீத் அல்லது மார்கோ என்றால் உள்ளே வைன் எப்படி இருந்தாலும் வாங்க ஆள் உண்டு. அதே தரவரிசையில் கடைசியான ஐந்தாம் வரிசை ஷாட்டோ ஒன்றின் 1986 வைனைப் பழம்பொருளாக வாங்க யாரும் வரமாட்டார்கள். அதைக் குடிப்பவர் மட்டுமே வாங்குவார். குடிப்பவர் வாங்கி, வீட்டில் சில ஆண்டு வைத்து, விருந்து வரும்போது திறக்க நினைக்கிறார். அதனால் உயிர் இன்னும் பத்தாண்டாவது மிச்சம் இருக்கும் பாட்டிலைத்தான் தேடுவார்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு எளியது, ஆனால் பலரும் கவனிக்காதது: நடுத்தர வைனுக்கு, விற்கும் காலம் குடிக்கும் காலத்துக்கு முன்பே முடிந்துவிடும். பாட்டில் உச்சத்தில் இருக்கும்போது சுவை முழுதாக இருக்கும், விலையோ ஏற்கெனவே நின்றுபோயிருக்கும். "இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டு ஆண்டு கழித்து விற்கலாம்" என்று தள்ளிப்போடுபவர் இரண்டாவது கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை.

விலைக் கடிகாரம் வெளிக் காரணங்களாலும் ஓடும், அதற்கும் வைனின் வயதுக்கும் தொடர்பே இருக்காது. 2008 பிப்ரவரியில் ஹாங்காங் வைன் மீதான இறக்குமதி வரியை நீக்கியது. சீனப் பணம் போர்தோவுக்குள் பாய்ந்தது, அதிலும் லஃபீத் பெயருக்கு. 2010ல், 2008 அறுவடைப் பாட்டிலின் கண்ணாடியில் சீன எழுத்தில் எட்டு என்ற எண்ணைப் பொறிக்கப் போவதாக லஃபீத் அறிவித்ததும் அந்த ஆண்டு வைனின் விலை எகிறியது. எட்டு சீனர்களுக்கு அதிர்ஷ்ட எண். வைனின் சுவையில் ஒரு துளி மாற்றமில்லை. 2011 நடுவில் சந்தை உச்சம் தொட்டு விழுந்தது. உச்ச விலையில் 2009, 2010 அறுவடைகளை, பாட்டிலில் அடைக்கும் முன்பே பணம் கட்டும் முன்பதிவில் வாங்கியவர்கள், வாங்கிய விலைக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவை போர்தோவின் மிகச்சிறந்த ஆண்டுகளில் இரண்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நல்ல வைன் எல்லாம் நல்ல முதலீடாகிவிடாது.

உங்கள் பாட்டில் எங்கே இருந்தது?

ஒரே ஷாட்டோ, ஒரே ஆண்டு, இரண்டு பாட்டில். ஒன்று 13 டிகிரி செல்சியஸில், சுமார் 70 சதவீத ஈரப்பதத்தில், இருட்டில் படுத்துக் கிடந்தது. மற்றொன்று வரவேற்பறை அலமாரியில் நின்றது. இவை இப்போது இரண்டு வெவ்வேறு வைன்கள், விலையும் வெவ்வேறு. சூடு பட்டால் வைன் வேகமாக முதிரும், விரிந்து தக்கையைத் தள்ளும், குளிர்ந்ததும் காற்றை உள்ளே இழுக்கும். நிற்க வைத்தால் தக்கை காயும்.

1787 லஃபீத் பாட்டில் ஒன்று, அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனுடையது என்று சொல்லி, 1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1,05,000 பவுண்டுக்குப் போனது. வாங்கியது ஃபோர்ப்ஸ் குடும்பம். நியூயார்க்கில் அதை விளக்கொளியில் காட்சிக்கு நிறுத்தினார்கள். சூட்டில் தக்கை சுருங்கிப் பாட்டிலுக்குள்ளேயே விழுந்துவிட்டது. அது உண்மையில் ஜெஃபர்சனுடையதுதானா என்ற கேள்வி பின்னால் எழுந்தது வேறு விஷயம்.

அதனால், வேறு எதற்கும் முன் பார்க்க வேண்டியவை:

1. மட்டம். பாட்டிலுக்குள் வைன் எந்த உயரத்தில் நிற்கிறது? போர்தோ பாட்டிலில் கழுத்து வரை இருந்தால் நல்லது. முப்பது ஆண்டு தாண்டியதில் தோளின் மேல்விளிம்புக்கு இறங்கியிருந்தால் இயல்பு. தோளின் நடுவுக்கு இறங்கினால் ஆபத்து. அதற்கும் கீழ் என்றால், பெயருக்காக வாங்குபவர் மட்டுமே வருவார். பத்தாண்டு வைனிலேயே மட்டம் இறங்கியிருந்தால் அது சூடு பட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.
2. தக்கையும் மூடித்தாளும். தக்கை வெளியே பிதுங்கியிருக்கிறதா, கசிந்த பிசுக்கு இருக்கிறதா?
3. காகிதங்கள். வாங்கிய ரசீது, கிடங்கு ஆவணம், மூல மரப்பெட்டி. ஆணி பிரிக்காத பெட்டியில் பன்னிரண்டு பாட்டில் இருப்பதற்குத் தனி மதிப்பு.
4. கை மாறிய எண்ணிக்கை. குறைய குறைய நல்லது.

மூன்றாவதும் நான்காவதும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ரூடி குர்னியவான் வழக்கு ஒன்றே போதும். கலிஃபோர்னியாவில் இருந்த இந்த இளைஞர் 2006 ஒரே ஆண்டில் நியூயார்க் ஏலங்களில் சுமார் 3.5 கோடி டாலருக்கு வைன் விற்றார். 2008 ஏப்ரலில் இன்னொரு ஏலத்துக்கு வந்த பாட்டில்களில், பர்கண்டியின் டொமேன் பொன்சோ தயாரித்த க்ளோ சான்-தெனி என்று 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகள் இருந்தன. அந்தக் குடும்பம் அந்தத் தோட்டத்திலிருந்து வைன் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். லாரன்ட் பொன்சோ பிரான்சிலிருந்து நேரில் போய் அவற்றை விற்பனையிலிருந்து எடுக்க வைத்தார். 2012 மார்ச்சில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் குர்னியவான் வீட்டில் நுழைந்தபோது லேபிள்களும் தக்கைகளும் கலவைக் குறிப்புகளும் கிடைத்தன. போலி வைன் விற்ற குற்றத்துக்கு 2014ல் பத்தாண்டு சிறை. ஆனால் அவர் விற்றவற்றில் எத்தனை இன்னும் யார் யார் நிலவறையில் உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணிச் சொல்ல யாராலும் முடியாது. அன்றிலிருந்து, வந்த வழி தெரியாத அரிய பாட்டிலைச் சந்தை சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. ஷாட்டோ லத்தூர் 2012ல் முன்பதிவு விற்பனையை விட்டு விலகி, வைனைத் தன் நிலவறையிலேயே வைத்து முதிர்ந்த பிறகு வெளியிடுகிறது. தோட்டத்தை விட்டே நகராத பாட்டில் என்ற உறுதிக்கு வாங்குபவர்கள் கூடுதல் காசு கொடுப்பார்கள் என்ற கணக்கும் அதில் உண்டு.

வீட்டு அலமாரியில் இருபது ஆண்டு இருந்த ஒரு பாட்டிலை விற்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நேர்மையாக நிலையைச் சொன்னால் விலை வராது, மறைத்தால் அது வாங்குபவரை ஏமாற்றுவது. அதைத் திறந்துவிடுங்கள். எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு திறங்கள், சில நேரம் வியப்பு காத்திருக்கும்.

விற்றால் கையில் என்ன வரும்?

இணையத்தில் தெரியும் விலை கையில் வரும் பணம் அல்ல. ஏலத்தில் சுத்தியல் விழும் தொகைக்கு மேல் வாங்குபவர் 20, 25 சதவீதம் ஏல நிறுவனத்துக்குக் கட்டுகிறார். செய்தியில் வருவது பெரும்பாலும் அது சேர்ந்த தொகை. ஒரு பெட்டி 4,000 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தால் வாங்குபவர் கொடுப்பது 5,000. விற்பவரிடம் 10 சதவீதம் பிடித்தால் அவருக்குப் போவது 3,600. படத்துக்கும் காப்பீட்டுக்கும் அனுப்புவதற்கும் தனிக் கழிவு வரலாம். வியாபாரிகளின் தளங்களில் விற்றால் கமிஷன் குறையலாம், ஆனால் வாங்க ஆள் வரும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

ஒரு உதாரணக் கணக்கு. 2010ல் ஒரு பெட்டி 3,000 பவுண்டுக்கு வாங்கினீர்கள் என்று வையுங்கள். 2025ல் தளத்தில் விலை 5,000. கமிஷன் 10 சதவீதம் போக 4,500. கிடங்கும் காப்பீடும் ஆண்டுக்கு 15 பவுண்டு என்றால் 15 ஆண்டுக்கு 225. மிச்சம் 4,275. கூட்டு வளர்ச்சியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 2.4 சதவீதம். அறுபத்தேழு சதவீதம் ஏறிவிட்டது என்று மனம் குளிர்ந்தவருக்கு, பணவீக்கத்தைக் கழித்தால் லாபமென்று ஒன்றும் இருக்காது.

வரிக் கணக்கும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ஐம்பது ஆண்டுக்குள் ஆயுள் முடியும் என்று கருதத்தக்க பொருள் தேய்பொருளாகக் கணக்கில் வரும், அதன் லாபத்துக்கு மூலதன வரி பொதுவாக இல்லை. பெரும்பாலான வைன் இதில் அடங்கும், ஆனால் நூறாண்டு நிற்கும் பெயர்களுக்கு வரித்துறை கேள்வி கேட்கலாம். அமெரிக்காவில் வைன் சேகரிப்புப் பொருள், நீண்டகால லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி.

அடுத்து, பாண்ட் கிடங்கு. பிரிட்டனில் சுங்கத்தின் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கில் இருக்கும் வைனுக்குத் தீர்வையும் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் கட்டத் தேவையில்லை, வெளியே எடுக்கும்போதுதான். விற்பவருக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் எப்போதும் அங்கேயே இருந்தது என்பதே பாட்டிலுக்கு நற்சான்று. ஒரு முறை வரி கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் திரும்ப உள்ளே வைக்க முடியாது. கண்ணால் பார்க்கலாமே என்று எடுத்து வருவது, பாதி முடிவைத் தெரியாமலேயே எடுத்துவிடுவது. விற்கும் எண்ணம் துளி இருந்தாலும் பெட்டியை அங்கேயே விடுங்கள்.

வைத்திருப்பதும் ஒரு முடிவுதான்

எதுவும் செய்யாமல் இருப்பது செலவில்லாத வழி என்று தோன்றும். அப்படி இல்லை. ஆண்டுதோறும் வாடகை போகிறது, பணம் முடங்குகிறது, தக்கைக்கு வயது கூடுகிறது. வைத்திருப்பதற்குக் காரணம் வேண்டும். எனக்குத் தெரிந்து நியாயமான காரணங்கள் மூன்றுதான்: வைன் இன்னும் முதிரவில்லை, பெயரும் ஆண்டும் பழம்பொருளாகிற தகுதி உள்ளவை, அல்லது ஒரு குறிப்பிட்ட நாளுக்காக வைத்திருக்கிறீர்கள், மகள் பிறந்த ஆண்டு வைன் அவள் திருமணத்துக்கு என்பது போல. "சந்தை இறங்கியிருக்கிறது, ஏறும்போது பார்க்கலாம்" என்பது முதிராத வைனுக்குச் சரி. முதிர்ந்து நிற்கும் நடுத்தர வைனுக்கு அது பொருந்தாது. சந்தை ஏறுவதற்குள் வைன் இறங்கிவிடும்.

பர்கண்டிக்கும் போர்தோவுக்கும் இங்கே வேறுபாடு உண்டு. ரொமானே-கோந்தித் தோட்டம் மொத்தமே 1.8 ஹெக்டேர், ஆண்டுக்கு சில ஆயிரம் பாட்டில். லஃபீத் நூறு ஹெக்டேருக்கு மேல். சின்னத் தோட்டத்தில் ஒவ்வொரு பாட்டில் திறக்கப்படும்போதும் மிச்சமுள்ளவை உண்மையாகவே அரிதாகின்றன. 5,58,000 டாலருக்குப் போன அந்த 1945ல் செய்தது 600 பாட்டில்தான். அறுவடை முடிந்ததும் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். வந்ததோ பர்கண்டி வியாபாரி ராபர்ட் ட்ரூவானின் சொந்த நிலவறையிலிருந்து. அரிதாக இருப்பதும் வந்த வழியும் இரண்டும் சேர்ந்த விலை அது. நம் பெட்டிக்கு அந்த விலையை அளவுகோலாக வைப்பது பொருந்தாது.

எந்த வரிசையில் முடிவெடுப்பது

1. முதலில் பார்க்க வேண்டியது, பாட்டில் வந்த வழி. கிடங்கு ஆவணம் இல்லை, மட்டம் இறங்கியிருக்கிறது என்றால் விற்பது என்ற வழி அடைபட்டுவிட்டது. அந்த வைன் குடிக்கும் பட்டியலுக்குப் போகிறது, விரைவில்.

2. அப்புறம் வயது. அதே வைனை அண்மையில் திறந்தவர்கள் எழுதிய குறிப்புகளைப் படியுங்கள், வெளியானபோது விமர்சகர் எழுதியதை அல்ல. பன்னிரண்டு பாட்டில் இருந்தால் ஒன்றைத் திறப்பதுதான் நம்பகமான சோதனை. முழுப் பெட்டி உடைவதால் விலை கொஞ்சம் குறையும், ஆனால் மீதிப் பதினொன்றைப் பற்றிய உண்மை தெரிந்துவிடும். ஊசியைத் தக்கைக்குள் செலுத்தி ஆர்கான் வாயு விட்டு ஒரு குவளை மட்டும் எடுக்கும் கொராவின் கருவியும் இருக்கிறது. ஆனால் ஊசி பட்ட பாட்டிலை அப்புறம் முழுப் பாட்டிலென்று விற்கக்கூடாது.

3. முதிரவில்லை, ஆவணம் சுத்தம், பணம் அவசரமில்லை என்றால் வையுங்கள். எந்த ஆண்டு மறுபடி பார்ப்பது என்று தேதி எழுதி வையுங்கள். தேதி இல்லாத பெட்டிதான் மறக்கப்பட்டுச் சாகிறது.

4. முதிர்ந்துவிட்டது, முதல் வரிசைப் பெயர் இல்லை என்றால் இரண்டே வழி: இந்த ஓரிரு ஆண்டுக்குள் விற்பது, அல்லது அடுத்த ஐந்தாண்டில் குடித்து முடிப்பது. இரண்டும் நல்ல வழி. இங்கே வைத்திருப்பது மட்டும்தான் நஷ்டம்.

5. முதல் வரிசைப் பெயர், பெரிய ஆண்டு என்றால் ஒரே கேள்வி போதும்: இன்று இந்த விலைக்கு இதை வாங்கிக் குடிப்பீர்களா? 1982 லஃபீத் ஒரு பாட்டில் இன்று விற்றால் ஒரு குடும்பம் ஒரு நல்ல பயணம் போய் வரலாம். ஆம் என்று தயங்காமல் சொல்பவர் திறக்கட்டும், அதற்காகத்தான் அது செய்யப்பட்டது. தயங்குபவர் விற்கட்டும்.

பிரிட்டனில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பிடித்த வைனை இரண்டு பெட்டி வாங்குவது, முதிர்ந்ததும் ஒன்றை விற்று அந்தப் பணத்தில் இன்னொன்றை ஏறத்தாழ இலவசமாகக் குடிப்பது. விலை ஏறிய காலத்தில் இது அழகாக வேலை செய்தது. 2022க்குப் பிறகு சிலருக்கு ஒரு பெட்டி விற்ற பணம் இன்னொன்றுக்குப் போதவில்லை. இருந்தாலும் விலை விழுந்தால்கூடக் கடைசியில் குடிக்க ஒரு பெட்டி மிச்சம் இருக்கிறது, அதனால் இந்த வழியை நான் இன்றும் சரி என்றே சொல்வேன். குடிக்க விரும்பாத வைனை முதலீட்டுக்கென்று மட்டும் வாங்கியவருக்கு அந்த ஆறுதல்கூடக் கிடைக்காது.

திறப்பது என்று முடிவானால்

பழைய பாட்டிலை ஒரு நாள் முன்பே நேராக நிறுத்துங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். நாற்பது ஆண்டுத் தக்கை சாதாரணத் திருகில் உதிரும், இரண்டு தகடும் திருகும் சேர்ந்த கருவி வேண்டும். முப்பதுக்கு மேல் வயதான வைனை மணிக்கணக்கில் காற்றில் ஆறவிட வேண்டாம், ஊற்றிய ஒரு மணி நேரத்துக்குள் மங்கிவிடுவதும் உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாக ஊற்றி, கழுத்தில் வண்டல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். நூற்றில் சில பாட்டில்கள் தக்கைக் கோளாறால் ஈர அட்டை வாடை அடிக்கும். அது எந்த விலை வைனுக்கும் வரும், எத்தனை கவனமாக வைத்திருந்தாலும் வரும், அதனால் மாற்றாக இன்னொரு பாட்டில் கையில் இருக்கட்டும்.

குடித்து முடித்ததும் காலி பாட்டிலை அப்படியே குப்பையில் போடாதீர்கள், இணையத்தில் விற்கவும் வேண்டாம். பெரிய பெயர் கொண்ட காலி பாட்டிலையும் தக்கையையும் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள், போலி வைன் அடைப்பதற்கு. லேபிளின் மேல் அழியாத மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, திறந்த தேதியையும் எழுதி வையுங்கள்.